நாய்க்கு டை கட்டியது யார்?

"அந்த நாயைப் பாருங்க மேடம்," என்றார் அருங்காட்சியகக் காப்பாளர். 

அண்ணி பூதக்கண்ணாடியோடு சுவரை நெருங்கினாள். அவள் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டினான் ரேடியோ.

சுவரில் இருந்தது ஒரு பழைய புகைப்படம். விரித்த கைக்குட்டை அளவுதான் இருக்கும். பழுப்பேறிய தாளில் ஊரின் நினைவுக் கோபுரம் நெட்டுக்குத்தாக நின்றது. அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் நின்ற சின்ன மனிதர்கள், தலையிலிருந்த கல் கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றுவிட்ட வேலையாட்கள். இடது ஓரத்தில் ஒரு நாய்.

நாய் டை கட்டியிருந்தது.

"நல்ல முடிச்சு," என்றான் ரேடியோ. "எனக்கே இவ்வளவு நல்லா வராது."

"நாய் மட்டுமில்லைங்க. எல்லாருமே. கல் தூக்கறவங்ககூடக் கோட்டு சூட்டுல நிக்கறாங்க."

"அந்தக் காலத்துல கூலி நல்லா இருந்திருக்கும்."

"தம்பி," என்றாள் அண்ணி. அவள் அகராதியில் அதற்கு 'வாயை மூடு' என்று பொருள்.

ரேடியோ, அண்ணியின் கணவனுக்குத் தம்பி. எந்தப் பொத்தானை அழுத்தினால் இவன் நிற்பான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாததால் அந்தப் பட்டப்பெயர். தையற்கடை மாடியில் அண்ணி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன், ஓட்டுநர், தேநீர் வாங்கி வருபவன் எல்லாம் அவனே. வழக்கமாக வருவது மாப்பிள்ளை விசாரணைதான். மாப்பிள்ளைக்கு நிஜமாகவே வேலை இருக்கிறதா, தலையில் இருப்பது சொந்த முடியா, இந்த மாதிரி. கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாத வழக்கு வந்து வெகுநாளாகிவிட்டதால் இருவரும் காலையிலேயே தலைவாரிக் கிளம்பி வந்திருந்தார்கள்.

"இது எப்பத்துப் படம்?" என்று கேட்டாள் அண்ணி.

"கோபுரத் திறப்பு விழா அன்னைக்கு எடுத்தது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகுது. ஒரே ஒரு பிரதிதான் உலகத்துலயே இருக்கு. அதாவது, இருந்துச்சு. இது போலி." காப்பாளர் கைகளைப் பிசைந்தார். அவர் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. "இன்னைக்கு நாலு மணிக்கு நினைவு விழா. படத்தை மேடையில வைக்கணும். நான்தான் வித்துட்டேன்னு..."

"வேற யாரு வித்தது?" என்று வாசலில் ஒரு குரல் முழங்கியது.

விழாக் குழுத் தலைவர் உள்ளே வந்தார். அவருக்கு முன்னால் அவர் வயிறு வந்தது. அவருடைய தாத்தா கோபுரம் கட்டியபோது மேயராக இருந்தவர். படத்தில் நடு நாற்காலி அவருடையது. தலைவர் வருடா வருடம் விழாவன்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தாத்தாவை ஒரு முறை பார்த்துக்கொள்வார். இன்று காலை துடைத்திருக்கிறார். தாத்தா டை கட்டியிருந்தார்.

"எங்க தாத்தா, செத்தாலும் டை கட்ட மாட்டேன்னு சொன்ன மனுஷன்!"

"செத்தப்புறம் மனசு மாறியிருக்கும்," என்றான் ரேடியோ.

"தம்பி."

தலைவர் ஜன்னலைத் திறந்து வெளியே கையைக் காட்டினார். ஆற்றங்கரையில் அதே கோபுரம், லேசாக இடது பக்கம் சாய்ந்தபடி நின்றது. "அது யாருக்குக் கட்டினதுன்னு தெரியுமில்ல? படகோட்டி. பெரிய வெள்ளத்துல அறுபது எழுபது பேரைக் கரை சேர்த்துட்டு, கடைசித் தடவை போனவர் திரும்பி வரல. உடம்புகூடக் கிடைக்கல. வாரிசும் இல்ல. அவருக்கு இந்த ஊர்தான் வாரிசு. அந்த ஊரு மானத்தை இந்த ஆளு யாரோ வெளிநாட்டுக்காரனுக்கு வித்துட்டான். நாலு மணிக்குள்ள படம் வரலைன்னா மேடையிலயே சொல்லுவேன். போலீசும் வரும்."

டிக்கெட் கொடுக்கும் பெண் தட்டில் தேநீர் கொண்டுவந்தாள். நாற்பது வயதைக் கடந்தவள். ரேடியோ தன் பங்குக்கு, "கவலைப்படாதீங்க, சாயந்தரத்துக்குள்ள பிடிச்சிடுவோம்," என்று ஆறுதல் சொன்னான். அவள் அவனை நம்பாதவள் போலப் பார்த்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. தட்டை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அண்ணி இதற்குள் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துக் குனிந்திருந்தாள்.

"தம்பி, இங்க வா. இத்தனை பேர் நிக்கறாங்க. ஒருத்தராவது கண்ணை மூடியிருக்காங்களா?"

"இல்ல."

"நம்ம வீட்டுல நாலு பேரை நிக்க வெச்சு எடுத்தாலே உங்க அண்ணன் கண்ணை மூடிடுவாரு. இங்க கல் கூடைக்குக் கீழ நிக்கறவன்கூடச் சிரிக்கறான். கோட்டைப் பாரு. எல்லாம் ஒரே கோட்டு. மூணாவது பொத்தான் இல்ல. டை நுனி வலது பக்கம் சுருண்டிருக்கு."

ரேடியோ பார்த்தான். மேயருக்கு மூன்றாவது பொத்தான் இல்லை. கொத்தனாருக்கும் இல்லை. நாயின் டை நுனியும் வலது பக்கம் சுருண்டிருந்தது.  சட்டைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை உருவி, நாயின் பக்கத்தில் வைத்தான்.

உரிமத்தில் அவன் கோட்டு போட்டிருந்தான். மூன்றாவது பொத்தான் இல்லை.

"அண்ணி, இது என் கோட்டு," என்றான். "அதாவது, நான் வாழ்க்கையில போட்டே பார்க்காத என் கோட்டு."

* * *

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில் ஒரு முக்காலி, ஒரு வெள்ளைத் திரை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோக்காரர். அங்கே போய் எவரும் தம் சொந்த முகத்தோடு திரும்பியதில்லை. போகும்போது எப்படி இருந்தாலும் வரும்போது கோட்டு, டை, மழமழவென்று கன்னம். ஊரில் பாதிப்பேரின் அடையாள அட்டைகள் அண்ணன் தம்பிகளைப் போல இருப்பதற்கு அவர்தான் காரணம்.

அண்ணி படத்தை நீட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா வந்திருக்குல்ல மேடம்?"

"உங்க வேலையா இது?"

"பின்ன? ராத்திரி பகலா உக்காந்து பண்ணேன். மூலப் படத்தை நீங்க பார்த்திருக்கணும். பாதிப் பேரு சட்டையே போடல. மேயர் பக்கத்துல வெத்து உடம்போட நிக்கறாங்க. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"நாய்க்கு எதுக்கு டை?"

"எல்லாருக்கும் போட்டுட்டு அதுக்கு மட்டும் போடாம விட்டா மனசு கேக்குமா?"

ரேடியோ நாயின் டையை இன்னொரு முறை பார்த்தான். 

போட்டோக்காரர் தொடர்ந்தார். "கோபுரம் சாஞ்சிருந்துச்சு, நிமித்திட்டேன். மேல ரெண்டு பரு மாதிரி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"அது மழைத்தண்ணி விழற கல் குழாய்ங்க."

"பார்க்க அசிங்கமா இருந்துச்சு மேடம். அப்புறம் மேயரு. எல்லாரும் கேமராவைப் பார்த்தா, அவரு மட்டும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பின்னாடி திரும்பிப் பார்க்கறாரு. தலையை முன்பக்கம் திருப்பி, வாயை மூடிவிட்டேன்."

"பின்னாடி எதைப் பார்த்தாரு?"

"அங்க ஒருத்தர் நின்னாரு. கடைசி வரிசையில, ஊன்றுகோலோட, தாடியும் அதுவுமா. அந்த ஆளுக்காகத்தான் இந்த வேலையே வந்துச்சு."

அண்ணி முக்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "படத்தைக் கொண்டுவந்தவங்க என்ன சொன்னாங்க? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"அவரை மட்டும் எடுத்துக் கொடுங்கன்னாங்க. எடுத்தேன். கொடுத்தேன். மத்த வேலையெல்லாம் என் சொந்த ஆசைக்குப் பண்ணது, காசே வாங்கல."

ரேடியோ அண்ணியின் காதருகே குனிந்தான். "ஆளையே அழிச்சிருக்காங்க அண்ணி. யாரோ எதையோ மறைக்கறாங்க."

அண்ணி, "எடுத்த ஆளு எங்க?" என்று போட்டோக்காரரைக் கேட்டாள்.

"நல்ல களையான முகம். தூக்கிப்போட மனசு வரல. சின்னச் சின்னக் குறை இருந்துச்சு, சரிபண்ணி மாதிரிக்கு வெச்சிருக்கேன்." கடை வாசலில் இருந்த கண்ணாடிப் பலகையைக் காட்டினார். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. புதுமணத் தம்பதிகளுக்கும் ஒரு கைக்குழந்தைக்கும் நடுவே, கோட்டும் டையுமாக, தாடி வழித்த ஒரு மனிதர்.

ரேடியோ அந்த முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சட்டைப்பையில் பேட்ஜாகக் குத்திக்கொண்டு திரிந்த முகம். ஊர்ப் பேருந்துகளின் முதுகிலும் நகராட்சிக் குப்பைத் தொட்டிகளிலும் இருக்கும் முகம்.

"அண்ணி, இது படகோட்டி!"

"தெரியுது."

"கோபுரம் அவருக்காகக் கட்டினது."

"ஆமா."

"அவரு செத்ததுக்குக் கட்டின கோபுரத்தோட திறப்பு விழாவுக்கு அவரே வந்திருக்காரு."

"ஆமா."

"கூப்பிட்டா வந்துடற மனுஷன் போல."

அண்ணி சிரிக்கவில்லை. "படம் கொண்டுவந்தது யாரு? எப்படி இருந்தாங்க?" என்று போட்டோக்காரரைப் பார்த்தாள்.

போட்டோக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரு பொம்பளை. எனக்கு முகம் நிக்காது மேடம். குறைதான் நிக்கும். அந்தம்மாவுக்கு இடது புருவம் வலதை விட ஒரு நூல் மேல. எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. சொன்னா கோவிச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"மூலப் படம்?"

"அப்பவே திருப்பிக் கொடுத்துட்டேனே. அழுக்குப் படம், வெச்சு நான் என்ன பண்ண?"

* * *

தெருவில் இறங்கியதும் ரேடியோ பாடத் தொடங்கிவிட்டான்.

"தலைவர்தான் அண்ணி. படகோட்டி சாகலைன்னு தெரிஞ்சா அவர் தாத்தா ஊரை ஏமாத்தினது வெளிய வரும். சம்சாரத்தை அனுப்பி ஆளை அழிச்சுட்டு, பழியைக் காப்பாளர் தலையில போட்டுட்டாரு. முடிஞ்சது வழக்கு."

"அழிச்ச படத்தைப் போலின்னு ஊரைக் கூட்டிச் சொன்னது யாரு?"

"தலைவர்."

"திருடினவரே வந்து திருட்டுப் போச்சுன்னு கத்துவாரா?"

"புத்திசாலியா இருந்தா கத்துவாரு."

"அவரைப் பார்த்தா அப்படித் தெரியுதா?"

ரேடியோ யோசித்தான். அது தெரியவில்லைதான். அப்போது அவன் கைப்பேசி அடித்தது. அண்ணன். குக்கர் வெயிட்டைக் காணோமாம். சோற்றை எப்படி வடிப்பது என்று கேட்டான்.

"ஜன்னல் கம்பியில மாட்டியிருக்குன்னு சொல்லு," என்றாள் அண்ணி, நடையைக் குறைக்காமல்.

"துப்பறிவாளர் வீட்டுல பொருள் தொலையறது நல்லா இல்லண்ணா," என்று சொல்லிவிட்டு வைத்தான் ரேடியோ. "எதுக்கும் தலைவர் சம்சாரத்தோட புருவத்தை ஒரு தடவை பார்த்துடலாம் அண்ணி. மனசுல சந்தேகத்தை வெச்சுக்கக் கூடாது."

கோபுரத்தடியில் மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உதவி செய்வதுபோல அவளை நெருங்கி, முகத்துக்கு நேரே குனிந்தான்.

"என்ன தம்பி பார்க்கறீங்க?"

"கண்ணுல தூசி மாதிரி இருந்துச்சும்மா."

"உங்க கண்ணுலயா, என் கண்ணுலயா?"

ரேடியோ பின்வாங்கினான். அவளுக்குப் புருவமே இல்லை. இருந்ததை எடுத்துவிட்டு மையால் வரைந்திருந்தாள். இரண்டு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரே உயரம். தலைவரையும் பார்த்து வைத்தான். அவருக்கு மூக்குக்கு மேலே ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஒரே புருவம். அதில் இடது எது, வலது எது?

சலித்துப்போய் மேடைப் படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தான். கோபுரத்தின் நெஞ்சில் படகோட்டியின் முகம் கல்லில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். கல்முகத்தின் இடது புருவம் வலதை விட உயர்ந்திருந்தது. சிற்பி உளி தவறி வெட்டிவிட்டான் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் படகோட்டி தொண்ணூறு வருடமாக ஊரை நம்பாதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பாதவர் போல.

"அண்ணி!" ரேடியோ எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த நாற்காலி சாய்ந்தது. "சிற்பிக்குக் கை தவறல. அவருக்குப் புருவமே அப்படித்தான். குடும்பப் புருவம்! இன்னைக்குக் காலையில ஒருத்தி என்னை நம்பாத மாதிரி பார்த்தா. அவ நம்பாம பார்க்கல. அவ மூஞ்சியே அப்படி!"

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையே ஒரு நிமிஷம் முந்திட்டே," என்றாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்பது அவனுக்கு அதுவே முதல் முறை. அனுபவிக்க நேரமில்லை. அவள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

* * *

டிக்கெட் கவுண்டர் பூட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்றார் காப்பாளர். வீடு ஆற்றுக்குப் பின்தெருவில் என்று வழி சொன்னவர், தானும் வருகிறேன் என்று கூடவே ஓடிவந்தார்.

கதவைத் திறந்தவள் மூவரையும் நம்பாதவள் போலப் பார்த்தாள். பிறகு அவள் கண் நிறைந்தது.

"உள்ள வாங்க. நீங்களாவது கேட்டு வாங்கிட்டுப் போங்க. என்னால முடியல."

ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கொடியில் துணி. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ஒரு பெரியவர் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். அவருக்கும் இடது புருவம் தூக்கியிருந்தது.

"எங்க அப்பா," என்றாள். "படம் அந்தத் தலையணைக்குள்ள இருக்கு. மூணு வாரமா இப்படித்தான். குளிக்கக்கூட எந்திரிக்க மாட்டேங்கறாரு. இன்னைக்குப் பிடுங்கியாவது கொண்டுபோய் வெச்சுடணும்னுதான் வந்தேன். அவர் கையில பலம் இல்ல. எனக்குத்தான் பிடுங்க வரல."

காப்பாளர் சுவரோடு சாய்ந்துவிட்டார். "நீயாம்மா எடுத்தே? என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியே!"

"சார், தூசி தட்டும்போதுதான் பார்த்தேன். கடைசி வரிசையில எங்க தாத்தா. புருவத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. அப்பாவுக்கு அவரோட படம் ஒண்ணுகூடக் கிடையாது. பெருசு பண்ணி மாட்டலாம்னு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். அப்புறம் மூலப் படத்தை அப்பா விடல, அதான் அவங்க கொடுத்ததைச் சட்டத்துல வெச்சேன்."

"அப்ப எதுக்கு அவரைப் படத்துலயிருந்து அழிக்கச் சொன்னீங்க?" என்றான் ரேடியோ.

"நான் எங்க அழிக்கச் சொன்னேன்?" அவள் குரல் உயர்ந்தது. "அவரை மட்டும் எடுத்துக் கொடுங்கன்னுதான் சொன்னேன். அந்த மகாராசன் அவரை எடுத்துட்டு, மத்தவங்களைக் கொடுத்தாரு!"

 

"ஸ்டுடியோவுலயே எனக்கு அதுதான் இடிச்சுது," என்றாள் அண்ணி. "ஒரே வார்த்தை. மறைக்க நினைச்சாலும் அதைத்தான் சொல்லணும், மாட்டி வெச்சுக்க நினைச்சாலும் அதைத்தான் சொல்லணும்." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, படகோட்டி உங்க அப்பாவா?"

பெரியவர் தலையணைக்கு மேலே கண்ணை மட்டும் காட்டினார்.  பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வெள்ளம் அவரை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுடுச்சு. கால் முறிஞ்சு, காய்ச்சல்ல கிடந்து, எந்திரிச்சு நடந்து ஊருக்கு வரும்போது இங்க பேண்டு வாத்தியம் வாசிக்கறாங்க. என்ன விசேஷம்னு கூட்டத்துல நின்னு பார்த்திருக்காரு. பார்த்தா அவருக்குத்தான்."

ரேடியோவுக்குச் சிரிப்பு முட்டியது. பெரியவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"மேயருகிட்டப் போனாரு. மேயர் கெட்டவரில்ல. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாராம். ஊரே வீட்டு நகையை அவுத்துக் கொடுத்துக் கட்டினது, கல்லுல வெட்டியாச்சு, நீ உயிரோட இருக்கேன்னு சொன்னா இவங்க மூஞ்சியை எங்க வெச்சுப்பாங்கன்னு கேட்டாராம். அப்பாவுக்கும் கூச்சம். இவ்வளவு பெரிய கோபுரத்தைப் பார்த்தப்புறம், நான் சாகலைன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டாரு. கோபுரத்துக்குக் காவல்காரர் வேலை போட்டுக் கொடுத்தாங்க. சாகற வரைக்கும் தன் பேரு வெட்டின கல்லைத் தானே துடைச்சாரு."

"ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலையா?"

"சாயல் இருக்குன்னு சொல்லுவாங்க. தியாகி மாதிரியே இருக்கியேப்பான்னு தோளைத் தட்டுவாங்க. அவ்வளவுதான். தியாகி கையில விளக்குமாறோட நிப்பாருன்னு யாரு நினைப்பா?" அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதெல்லாம் அப்பா சிரிச்சுக்கிட்டே போயிடுவாரு. எங்க அம்மாதான் பாவம். தியாகி பொண்டாட்டி, வருஷம் திரும்பறதுக்குள்ள காவல்காரனோட குடித்தனம் பண்றான்னு இந்த ஊரு பேசினது கொஞ்சமில்ல. தண்ணிக் குழாயில அவளைக் கண்டா குடத்தை நகர்த்திப்பாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சப்புறம் சொன்னா, ரெண்டு பேரும் ஒருத்தர்தான்டான்னு. நானே நம்பலம்மா. அவ மானத்தைக் காப்பாத்திக்கச் சொல்றான்னு நினைச்சேன். அவ போயி நாப்பது வருஷம் ஆச்சு. இந்தப் படத்தைப் பார்த்தப்புறம்தான்..."

அவர் தலையணைக்குள் கைவிட்டுப் படத்தை எடுத்தார். அண்ணி அதை வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

சட்டையில்லாத வேலையாட்கள். பாதிப் பேருக்குக் கண் மூடியிருந்தது. கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு தாடிக்காரர், புருவத்தைத் தூக்கிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். நடு நாற்காலியில் மேயர் வாயைப் பிளந்து அவரைப் பார்க்கிறார்.

"இது மேடைக்குப் போகணும் ஐயா," என்றாள் அண்ணி மெதுவாக. "நீங்களும் வரணும்."

"நடக்க முடியாதே."

அறையில் சக்கரம் வைத்த ஒரே பொருள், ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட சுழல் நாற்காலி. பெரியவர் வீட்டுக்குள் நகர்வது அதில்தான். ரேடியோ அவரைத் தூக்கி அதில் உட்காரவைத்தான்.

* * *

அந்த நாற்காலிக்குத் தனியாக ஒரு புத்தி இருந்தது. ரேடியோ நேரே தள்ளினால் அது வலது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினால் பெரியவரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே போனது. ஆற்றங்கரைச் சரிவில் அது ரேடியோவை இழுத்துக்கொண்டு போயிற்று. மேடைக்கு வந்து நின்றபோது பெரியவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

தலைவர் ஏற்கெனவே மைக்கைப் பிடித்திருந்தார். "...இந்த ஊரின் மானத்தை விற்ற ஒரு மனிதர் நம்மிடையே..."

"படம் இதோ இருக்கு!" என்று கத்தினார் காப்பாளர். அவ்வளவு பெரிய குரல் தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது போலிருந்தது. ஒரு கணம் மிரண்டுபோய் நின்றார். டிக்கெட் கொடுக்கும் பெண் பின்னால் தலைகுனிந்து நின்றாள். காப்பாளர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரும் திருடல. ஸ்டுடியோவுக்கு அனுப்பினது நான்தான். கொண்டுபோய்க் கொடுத்தது இந்தம்மா. ஆபீஸ் வேலையா," என்றார்.

"அப்போ இந்த டை?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல."

அண்ணி படத்தைத் தலைவர் கையில் கொடுத்தாள். பக்கத்தில் பூதக்கண்ணாடியையும் கொடுத்தாள். "உங்க தாத்தாவைப் பாருங்க. அப்புறம் உங்க தாத்தா யாரைப் பார்க்கறாருன்னு பாருங்க."

தலைவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கல்முகத்தை அண்ணாந்து பார்த்தார். சுழல் நாற்காலியை அண்ணி மெல்லத் திருப்ப, பெரியவரின் முகம் அவருக்கு நேரே வந்து நின்றது. தலைவரின் நீண்ட ஒற்றைப் புருவம் நெற்றிக்கு ஏறியது.

"அப்போ, படகோட்டி சாகலையா?" என்றார். மைக் அவர் வாயருகே இருந்ததால் ஊருக்கே கேட்டது. "அப்போ இந்தக் கோபுரத்தை என்ன பண்றது?"

"நிக்கட்டும்," என்றாள் அண்ணி. "அறுபது எழுபது பேரைக் கரை சேர்த்தது நிஜம்தானே? சாகாம வந்ததுக்காக அது இல்லைன்னு ஆயிடுமா?"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தலைவர் பெரியவரைப் பார்த்தார்.  மைக் கம்பத்தின் திருகைத் தளர்த்தி, நாற்காலியில் இருப்பவரின் வாய் உயரத்துக்கு இறக்கி, இறுக்கிவிட்டு, தன் நாற்காலிக்குப் போகாமல் ஓரமாக நின்றுகொண்டார்.

பெரியவர் மைக்கைப் பார்த்தார். அவருக்கு அதில் பேசிப் பழக்கமில்லை.

"எங்க அம்மா ரெண்டு பேரோட வாழ்ந்தான்னு சொன்னீங்க," என்றார்.  "உங்க அப்பா அம்மா சொன்னாங்க. நீங்க சின்னப் பசங்களா இருந்து கேட்டிருப்பீங்க. அவ ஒருத்தரோடதான் வாழ்ந்தா. அது இந்தக் கோபுரத்துல இருக்கறவர்தான். அவ பொய் சொல்லல. அவ்வளவுதான்."

 முன்வரிசையில் ஒரு வயதான அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் கைகளைப் பாதியில் நிறுத்தியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நகராட்சிக் கட்டடத்தில் சங்கு ஊதியது. விழாவில் மௌன அஞ்சலிக்கு வைத்திருந்த நேரம் அதுதான். மேடையில் நடந்தது எதுவும் சங்கு ஊதுபவருக்குத் தெரியாது. தலைவர் தலைகுனிந்து நின்றார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

பெரியவர் குழப்பத்தோடு சுற்றிப் பார்த்தார். பின்னால் நின்ற ரேடியோவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லாரும் எதுக்குப்பா நிக்கறாங்க?"

ரேடியோ குனிந்தான். "உங்க அம்மாவுக்கு, ஐயா."

பெரியவர் அதைக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு இரு கைகளையும் மேலே நீட்டினார்.

"அப்ப என்னையும் தூக்கி விடு."

ரேடியோ அவர் அக்குள்களில் கைகொடுத்து, நாற்காலி நகராமல் காலால் அணைத்துக்கொண்டு, அவரைத் தூக்கி நிறுத்தினான்.